மடியில் கனமும் மார்பில் கவசமும்

(லெந்து நாட்களில் ஓர் ஆலய வளாகத்தில் நடந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் போதகன் அல்ல. இறையியல் கல்லூரி வாசலை மிதித்தவனும் அல்ல. 31 வருடம் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து, மற்றவர்கள் போட்ட பில்லில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினவன். 'நீதியான வாழ்வே ஆவிக்குரிய பாதுகாப்பு' என்ற தலைப்பை நம் ஆயர் ஐயா கொடுத்தபோது, "ஐயா, இதற்கு வேறு ஆளைப் பாருங்களேன்" என்றேன். "இதற்குக் கணக்கர்தான் சரி" என்று ஆயர் ஐயா சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது இந்த உரையைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு விளங்கியது.

இன்று மாலை ஆட்டோவில் வந்தேன். முன்கண்ணாடியின் உச்சியில் '91ஆம் சங்கீதம்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே மீட்டர். மீட்டரின் மேல் ஒரு சிவப்புத் துண்டை மடித்துப் போட்டிருந்தார் ஓட்டுநர். மேலே பாதுகாப்பு, கீழே மூடிவைத்த கணக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. இறங்கிக் காசு கொடுக்கும்போது அந்தச் சிரிப்பு போய்விட்டது. என் வீட்டு நிலைப்படிக்கு மேலேயும், வருடப் பிறப்பு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. அதற்குக் கீழே என் வீட்டில் எதன்மேல் எல்லாம் துண்டு போட்டு மூடியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், கர்த்தருக்கும் தெரியும்.

வசனத்தை ஒட்டிவைப்பது தப்பு என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த 91ஆம் சங்கீதத்தை நற்செய்தி நூல்களில் ஒருவன் எடுத்துக் காட்டிப் பேசுகிறான். தேவாலயத்தின் உச்சியில் இயேசுவை நிறுத்தி, "குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள்" என்ற பொருளில் வாதாடிய சோதனைக்காரன்தான் அவன். வசனம் சரியான வசனம். அதை அவன் தாயத்தாக்கப் பார்த்தான். இயேசு அந்தத் தாயத்தைக் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டார். வசனத்தை நம்புவதற்கும் வசனத்தைத் தாயத்தாக்குவதற்கும் உள்ள தூரம்தான் இன்றைக்கு என் பொருள்.

தாயத்துகளின் நகரம்

நீதியை மார்க்கவசம் என்று பவுல் சொல்வது எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில். எபேசு எப்படிப்பட்ட ஊர்? இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் அதன் இடிபாடுகள் கிடக்கின்றன. நம் பழைய மொழிபெயர்ப்பு தியானாள் என்று சொல்லும் ஆர்த்தெமி தேவியின் கோயில் அங்கே இருந்தது. பழங்கால உலக அதிசயங்கள் ஏழில் ஒன்று. அந்த ஊருக்கு இன்னொரு புகழும் உண்டு. 'எபேசிய எழுத்துகள்' என்று ஆறு சொற்கள். அவற்றின் பொருள் யாருக்கும் விளங்காது. விளங்காததாலேயே அவற்றுக்கு மதிப்பு. எழுதிக் கட்டிக்கொண்டால் பேய் அண்டாது, ஆபத்து வராது என்று ஜனங்கள் நம்பினார்கள்.

அந்த எழுத்துகளைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. எபேசு ஊர் மல்லன் ஒருவன் ஒலிம்பியா விளையாட்டில் இறங்கினான். எதிரி மிலேத்து ஊர்க்காரன். அவனால் எபேசியனை அசைக்கவே முடியவில்லை. பிறகுதான் எபேசியனின் கணுக்காலில் அந்த எழுத்துகள் கட்டியிருப்பதைப் பார்த்தார்கள். அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு அவன் முப்பது தடவை மண்ணைக் கவ்வினானாம். கதை சொன்னவர் தாயத்தின் வல்லமையைச் சொல்ல நினைத்தார். எனக்கு அதன் பலவீனம்தான் தெரிகிறது. வெளியே கட்டியதை எவனும் அவிழ்த்துவிடலாம்.

இதே ஊரில்தான் ஸ்கேவாவின் பிள்ளைகள் ஏழு பேரின் கதையும் நடக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரம். பவுல் இயேசுவின் பேரில் பேய் ஓட்டுவதைப் பார்த்தார்கள். நல்ல மந்திரமாக இருக்கிறதே என்று அந்தப் பெயரை எடுத்து ஒரு மனிதன்மேல் பிரயோகித்தார்கள். இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார் என்று கேட்டது அந்த ஆவி. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உடுதுணி இல்லாமல், காயப்பட்டு, அந்த வீட்டைவிட்டு ஓடினார்கள். உச்சரித்த பெயர் பரிசுத்தமான பெயர்தான். ஆனால் அந்தப் பெயருக்கும் அவர்கள் வாழ்க்கைக்கும் சம்பந்தம் இல்லை.

ஊர் பயந்துபோயிற்று. மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் கொளுத்தினார்கள். அவற்றின் விலை 50,000 வெள்ளிக்காசு என்று கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கணக்கர் புத்தி, நானும் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்காசு ஏறத்தாழ ஒருநாள் கூலி. ஒரு கூலியாள் ஓய்வுநாள்கூடப் பாராமல் உழைத்தாலும் 137 வருடக் கூலி அது. பயத்துக்காக மனிதன் எவ்வளவு செலவழிக்கிறான் பாருங்கள்!

இப்படிப்பட்ட ஜனங்களுக்குத்தான் அந்த நிருபம். சில பழைய பிரதிகளின் முகவரியில் எபேசு என்ற பெயர் காணப்படவில்லை. அந்தப் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் சுற்றுக்கு விட்ட மடல் என்று கருதும் அறிஞர்களும் உண்டு. அப்படியே இருந்தாலும் காற்று ஒரே காற்றுதான். புத்தகத்தைக் கொளுத்திவிட்டு வெறுங்கழுத்தோடு நிற்கும் ஜனங்களிடம், பழைய தாயத்துக்குப் பதிலாக இந்தக் கிறிஸ்தவத் தாயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று பவுல் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது வேறு. பொய்யை விடுங்கள், திருடினவன் இனித் திருடாமல் பாடுபடட்டும் என்று இரண்டு அதிகாரம் நிறைய நடத்தையைப் பேசிவிட்டு, அதற்குப் பிறகுதான் கவசத்துக்கே வருகிறார்.

துண்டு துண்டாகக் கோத்த சட்டை

இந்தப் படம் பவுலுக்கு எங்கிருந்து வந்தது? நிருபத்தை எழுதும்போது அவர் விலங்கில் இருக்கிறார். ரோமாபுரியில் இரண்டு வருடம் வாடகை வீட்டில், காவலுக்கு ஒரு சேவகனோடு அவர் இருந்ததாக நடபடிகள் சொல்கிறது. அந்த நாட்களில் எழுதியது என்பது சபையின் நெடுநாள் மரபு. ஆனால் சேவகனைப் பார்ப்பதற்கு முன்பே இந்தக் கவசத்தைப் பவுல் அறிவார். ஏசாயா 59ஆம் அதிகாரத்தில் அதை அணிந்திருப்பவர் கர்த்தர். அந்த இடத்தைப் போய் வாசியுங்கள். உண்மை தெருவில் விழுந்து கிடக்கிறது. நியாயம் ஊருக்குள் நுழைய முடியவில்லை. தீமையை விட்டு விலகுகிறவனே கொள்ளையாகிறான். இதைக் கேட்க ஒருவரும் இல்லையே என்று கண்டு, கர்த்தரே நீதியை மார்பில் தரித்து எழும்புகிறார். ஆகவே நீதி என்பது என் ஆத்துமாவை மட்டும் பத்திரமாகப் பொத்திவைக்கிற விஷயம் அல்ல. தெருவில் விழுந்து கிடக்கிறவனைத் தூக்க எழும்புகிறவர் போடுகிற சட்டை அது.

ரோமச் சேனையில் சாதாரணச் சேவகன் போட்ட சட்டையில் மூன்று வகை இருந்தது. ஆயிரக்கணக்கான இரும்பு வளையங்களைப் பின்னிய சட்டை ஒன்று. மீன் செதில்போல் தகடுகளை அடுக்கித் தைத்தது ஒன்று. இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, உள்ளே தோல்வார் கொடுத்து இணைத்தது இன்னொன்று. மூன்றுக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். எதுவும் ஒரே வார்ப்பில் செய்தது அல்ல. எல்லாம் சின்னச் சின்னத் துண்டுகளைக் கோத்தது.

1964இல் இங்கிலாந்தின் வடக்கே கார்பிரிட்ஜ் என்ற ஊரில், பழைய ரோமப் பாசறை இருந்த இடத்தைத் தோண்டியபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே பட்டைக் கவசத்தின் பகுதிகள். பவுலுக்கு இரண்டு தலைமுறை பிந்தியவை. அவற்றை ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன தெரியுமா? பட்டைகளை இணைக்கும் பித்தளைக் கீல்கள் பல இடங்களில் உடைந்திருந்தன. புதுக் கீல் போட நேரம் இல்லாமலோ என்னவோ, தறையாணி அடித்து ஒக்கிட்டிருந்தார்கள். இதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கவசம் என்றால் கீறல் படாமல் பளபளக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் போருக்குப் போன கவசம் எல்லாம் ஒக்கிட்ட கவசம்தான்.

இப்போது எபேசியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்துக்கு வாருங்கள். பொய்யை விட்டுவிடு: ஒரு வளையம். கோபத்தோடு சூரியனை அஸ்தமிக்க விடாதே: இன்னொரு வளையம். திருடினவன் இனித் திருடாமல், இல்லாதவனுக்குக் கொடுக்கும்படி உழைக்கட்டும்: இன்னொன்று. வாயிலிருந்து கெட்ட பேச்சு வேண்டாம், கசப்பு வேண்டாம், மன்னித்துவிடு: இன்னும் மூன்று. இந்த வரிசைக்கு நடுவே, பிசாசுக்கு இடம் கொடாதிருங்கள் என்று அவர் சொருகுகிறார். அங்கே 'இடம்' என்பதற்குக் கிரேக்கத்தில் உள்ள சொல் 'தோப்போஸ்'. சாதாரணச் சொல், இருக்க ஓர் இடம், காலூன்ற ஓர் இடம். அவன் கோட்டைச் சுவரை இடித்துக்கொண்டு வருவதில்லை. ஒரு வளையம் அறுந்த இடத்தில் விரலை நுழைக்கிறான்.

என் பயணப்படி பில்

இனிச் சொல்லப்போவது என் கதை. அலுவலக வேலையாக வெளியூர் போய் வந்தால் பயணப்படி பில் போடுவோம். எனக்கு முதல் வகுப்புக்கு உரிமை உண்டு. ஒருமுறை இரண்டாம் வகுப்பில் போய்வந்து, முதல் வகுப்புக் கட்டணத்துக்குப் பில் போட்டேன். எல்லாரும் செய்வதுதான். வித்தியாசம் 200 ரூபாய்ச் சொச்சம். அந்தப் பணம் என்ன ஆயிற்று என்றுகூட நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்தது நன்றாக நினைவிருக்கிறது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு சக ஊழியர் ஒரு பில்லைக் கொண்டுவந்து வைத்தார். மேலோட்டமாகப் பார்த்தாலே தப்பு தெரிந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதில் என்னால் கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. மேஜைமேல் சாய்ந்து, மெதுவாக, சிரித்த முகத்தோடு, "சார், உங்க பயணப்படி பில்லை நான்தானே டைப் அடிச்சேன்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. நான் பேனாவைத் திறந்தேன்.

அன்றிலிருந்து கடைநிலை ஊழியர் வந்து, "அதிகாரி கூப்பிடுறாங்க" என்றால் நெஞ்சு திக்கென்னும். ஜெபிக்க முழங்காலில் நின்றால் அந்தச் சிரித்த முகம் வந்து எதிரே நிற்கும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று நம் பாட்டிமார் சொல்லிக்கொடுத்ததற்கு மேலே எந்த வியாக்கியானமும் எனக்குத் தேவைப்படவில்லை. சாத்தான் என்ற எபிரெயச் சொல்லுக்கு எதிர்த்து நின்று குற்றம் சாட்டுகிறவன் என்று பொருள். பிசாசு என்று நாம் மொழிபெயர்க்கும் கிரேக்கச் சொல் 'தியபொலோஸ்'. அதற்குக் கோள் சொல்லுகிறவன் என்று பொருள். வேதாகமத்தில் அவனுடைய பிரதான ஆயுதம் குற்றப்பத்திரிகை. அதில் எழுத அவனுக்கு விஷயம் வேண்டும். அந்த விஷயத்தை என் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தேன். அதனால்தான் நீதி மார்பில் போடுகிற கவசம் என்கிறார் பவுல். குற்றச்சாட்டு வந்து தைக்கிற இடம் மார்பு.

கடைசியில் ஒருநாள் கருவூலச் சலான் ஒன்றை நிரப்பி அந்தத் தொகையைக் கட்டினேன். அதிகாரியிடம் போய் இரண்டையும் சொன்னேன், என் பில்லையும் நான் கையெழுத்துப் போட்ட பில்லையும். திட்டு வாங்கினேன், ஒரு வருடம் பதவி உயர்வும் தள்ளிப்போயிற்று. ஆனால் அன்று இரவு தூங்கினேன். அது நான் அடித்த தறையாணி.

அழுக்கு உடையில் நின்றவன்

இந்த இடத்தில் யாராவது எழுந்து, "அப்படியானால் நம் நற்கிரியையா நம்மைக் காக்கிறது? கிருபை எங்கே?" என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். சகரியா மூன்றாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனாகிய யோசுவா அழுக்கு உடையோடு நிற்கிறான். வலப்பக்கத்தில் குற்றம் சாட்ட சாத்தான் நிற்கிறான். குற்றச்சாட்டு பொய் என்று அங்கே சொல்லவில்லை. உடை அழுக்காகத்தான் இருந்தது. கர்த்தர் சாத்தானைக் கடிந்துகொள்கிறார். அழுக்கு உடையைக் களைந்து சிறந்த உடையை உடுத்துவிக்கச் சொல்கிறார். அதற்குப் பிறகு, என் வழிகளில் நடந்தால் என்று பேச்சு தொடர்கிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் உடை, பிறகு நடை. சட்டை அவர் கொடுத்தது. ஆனால் கொடுத்த சட்டையைப் பெட்டியில் மடித்து வைத்தால் அம்பு தைக்கத்தான் செய்யும். போட்டுக்கொள்வது நம் வேலை.

பொன்வாயரும் மழையும்

கடைசியாக, மிகக் கடினமான கேள்வி. நீதியாய் வாழ்ந்தால் ஆபத்து வராதா? வரும். போத்திபாரின் வீட்டில் யோசேப்பு நேர்மையாக நடந்ததற்குக் கிடைத்த கூலி சிறைச்சாலை. யோபுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் நான் இன்று உங்களுக்குக் காட்ட விரும்புவது சபை வரலாற்றில் ஒரு மனிதரை: யோவான் கிறிசோஸ்தோம். 'பொன்வாய்' என்று பொருள். அந்தியோக்கியாவில் பிறந்தவர்; 398இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயர் ஆனார்.

அவர் வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சபையின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்! சபைக்குப் பயன்படாத செலவுகளை நிறுத்தினார். பேராயர் வீட்டுச் செலவு அளவுமீறி இருப்பதைக் கண்டு, அந்தப் பணத்தை மருத்துவமனைக்கு மாற்றினார். விருந்து வைப்பதை நிறுத்தித் தனியாகச் சாப்பிட்டார். பெரிய இடத்து ஆடம்பரத்தைப் பிரசங்கத்தில் கண்டித்தார். பேரரசி யூதோக்சியாவுக்குக் கோபம். அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோபிலுவுக்கும் பகை. 403இல் 'கருவாலி மரம்' என்ற இடத்தில் கூடிய சங்கம் அவரைப் பதவிநீக்கியது. சாட்டிய குற்றங்களில் இரண்டைக் கேளுங்கள்: சபையின் பளிங்குக் கற்களை விற்றார், தனியாகச் சாப்பிடுகிறார்!

404இல் நாடு கடத்தினார்கள். ஆர்மீனிய மலைப்பகுதியில் குக்கூசு என்ற சின்ன ஊர். அங்கிருந்து ஒலிம்பியா என்ற உதவிக்கார அம்மையாருக்கு எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. குளிர்காலத்தில் அறையை விட்டு வெளியே வர முடியாமல், கம்பளிமேல் கம்பளியாகப் போர்த்தி, மூட்டிய தீயின் புகையைச் சகித்துக்கொண்டு, வாந்தியும் தலைவலியும் தூக்கமின்மையுமாகக் கிடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறார். ஆவிக்குரிய வீரர் என்று வேஷம் போடவில்லை.

அந்த நிலையில் அவர் ஒரு சிறு நூல் எழுதினார். தனக்குத் தானே கேடு செய்துகொள்ளாதவனுக்கு வேறு யாராலும் கேடு செய்ய முடியாது என்பது அதன் பொருள். அதில் ஓர் உதாரணம் காட்டுகிறார். குதிரையின் சிறப்பு எது? தங்கக் கடிவாளமா, பட்டுக் கயிறா? இல்லை, வேகமும் உறுதியான காலும். கடிவாளத்தைத் திருடினவன் குதிரைக்குக் கேடு செய்யவில்லை. அதுபோல மனிதனின் சிறப்பு பணமோ உடல்நலமோ பதவியோ அல்ல. உண்மையான விசுவாசமும் நேர்மையான வாழ்வும். அதை எந்தப் பேரரசியும் பறிக்க முடியாது. நாமாகக் கொடுத்தால்தான் உண்டு. இதைப் பேராயர் இருக்கையில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் இழந்த பிறகு சொல்கிறார்.

407இல் இன்னும் தூரமாக, கருங்கடல் ஓரத்துப் பித்தியூசுக்கு அவரைக் கால்நடையாகக் கொண்டுபோகக் கட்டளை வந்தது. அவருடைய நண்பர் பல்லாதியு அந்தப் பயணத்தை எழுதியிருக்கிறார். வெயிலில் அவருடைய வழுக்கைத் தலை காய, மழையில் முதுகிலும் மார்பிலும் தண்ணீர் வழிந்தோட, சேவகர் அவரை நடத்திக்கொண்டு போனார்கள். செப்டம்பர் 14ஆம் தேதி கொமானா என்ற ஊரில், கடவுளை மகிமைப்படுத்திவிட்டு உயிர்விட்டார்.

அந்த மார்பை நினைத்துப் பாருங்கள். மழையைத் தடுக்கும் ஒரு போர்வைகூட அதன்மேல் இல்லை. ஆனால் அவர்மேல் எழுதிய குற்றப்பத்திரிகையில் ஒரு வரிகூட உள்ளே இறங்கவில்லை. அவருடைய மீட்டரின்மேல் துண்டு இல்லை. 31 ஆண்டு கழித்து, 438இல், அவருடைய உடலைத் தலைநகருக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பேரரசன் இரண்டாம் தியோடோசியு பெட்டியின்மேல் முகத்தைச் சாய்த்து, தன் பெற்றோர் செய்ததை மன்னிக்கும்படி வேண்டினான். அவன் யூதோக்சியாவின் மகன்.

அன்பானவர்களே, நீதி உங்கள் பதவியைக் காப்பாற்றும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காய்ச்சல் வராது, வண்டி மோதாது என்றும் சொல்ல மாட்டேன். அது காப்பது வேறொன்றை: எவனும் மேஜைமேல் சாய்ந்து, சிரித்த முகத்தோடு உங்கள் பேனாவைத் திறக்க வைக்க முடியாத ஒரு நிலையை.

இப்போது ஒரு சின்ன வேலை. வீட்டுக்குப் போனதும் அந்த வாக்குத்தத்த அட்டையைக் கழற்ற வேண்டாம். அது அங்கேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துண்டு போட்டு மூடிவைத்தது ஒன்று இருக்கும். தங்கையோடு தீராத பங்குத் தகராறாக இருக்கலாம், கூலியாளுக்குப் பாக்கி வைத்த தொகையாக இருக்கலாம், சொன்ன ஒரு பொய்யாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே இரவில் சரிசெய்ய வேண்டாம். ஒன்றை மட்டும் எடுங்கள். அறுந்த இடத்தில் ஓர் ஆணி அடியுங்கள்.

நானும் போகிற வழியில் ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் நடுங்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக.